தள்ளாடும் நடையும் ஆர்.என்.ஏ. மடிப்பும்

நடை தள்ளாடினால், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். குடியே அறியாத மனிதர்கள் கூட ஆண்டுக்கணக்கில் இந்தப் பழியைச் சுமந்திருக்கிறார்கள். படியிறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். டம்ளரை எடுக்கப் போன கை குறி தவறும். பேச்சு குழறும். இது பலருக்கு முப்பது வயதை ஒட்டி, சம்பாதிக்கிற வயதில் தொடங்கும். அப்பாவுக்கும் இப்படி இருந்தது, அத்தைக்கும் இருந்தது என்று விசாரித்தால்தான் தெரியவரும். "எங்க குடும்பத்துக்கு ஒரு சாபம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த நோய்க் குடும்பத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்பைனோ செரிபெல்லர் அட்டாக்ஸியா. சிறுமூளையும் தண்டுவடமும் சிதைவதால் வரும் தள்ளாட்டம் என்று பொருள். சுருக்கமாக எஸ்.சி.ஏ. என்பார்கள். இதில் பல வகைகள் உண்டு. கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் அதிகமாகக் காணப்படும் வகைகளில் ஒன்று எஸ்.சி.ஏ.2. அதன் கதையின் முதல் அத்தியாயம் நமக்குப் பக்கத்திலேயே, மும்பையில்தான் எழுதப்பட்டது.

மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, தம்மிடம் வந்த தள்ளாட்ட நோயாளிகளின் கண்களில் ஒன்றைக் கவனித்தார். நாம் படிக்கும்போது கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவுகிறது. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு ஒரே தாவாகப் போகிறது. அந்த நோயாளிகளுக்கு இந்தத் தாவல் இல்லை. கண் ஊர்ந்துதான் போனது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கண்ணைத் திருப்ப முடியாமல் தலையையே திருப்பினார்கள். ஒன்பது குடும்பங்களில் இதைப் பதிவு செய்து, சுவாமி என்ற சக மருத்துவருடன் சேர்ந்து 1971-இல் இங்கிலாந்தின் 'பிரெய்ன்' இதழில் வெளியிட்டார். இது புதுவகை நோய் என்று துணிந்து சொன்னார். ஸ்கேன் கருவிகள் இல்லாத காலம். கண்ணெதிரே இருந்த கண்ணைப் பார்த்துச் சொன்னது அது.

கால் நூற்றாண்டு கழித்து, 1996-இல், மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எஸ்.சி.ஏ.2-க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தன. 1998-இல் வாடியா ஆறு இந்தியக் குடும்பங்களின் மரபணுவைச் சோதித்த முடிவுகளை அதே 'பிரெய்ன்' இதழில் வெளியிட்டார். ஊர்ந்து போன அந்தக் கண்கள் எஸ்.சி.ஏ.2-இன் அடையாளம்தான் என்று உறுதியாயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் இந்த நோய்க்குடும்பத்தின் இன்னொரு கிளை இருக்கிறது. ஒரு தமிழ்ச் சமூகத்தில் எஸ்.சி.ஏ.1 மிக அதிகமாக இருப்பதை 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஒரு ஆய்வு பதிவு செய்தது. சமூகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பெயர் சொன்னால் அடுத்த நாளே அந்தப் பெண்களுக்கு வரன் பார்ப்பதில் வந்து நிற்கும். நமக்குத் தேவை, உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் எந்தச் சிறு சமூகத்திலும் எப்போதோ ஒரு மூதாதைக்கு வந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடும் என்ற செய்திதான். வட இந்தியாவில் அகர்வால் சமூகத்தில் எஸ்.சி.ஏ.12 இப்படித்தான் காணப்படுகிறது. டெல்லி ஆய்வாளர்கள் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, மரபணுவில் என்னதான் கோளாறு?

டி.என்.ஏ. என்பது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் மூலப் பத்திரம் என்றால், ஆர்.என்.ஏ. அதிலிருந்து எடுக்கும் நகல். நகல் தாங்கி வரும் கட்டளையை ரைபோசோம் என்ற இயந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் கட்டுகிறது. இந்த ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு, தாமஸ் ஸ்டைட்ஸ், அதா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூன்றெழுத்துச் சொற்களில் ஒன்று சி-ஏ-ஜி. 'குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை இங்கே சேர்' என்பது அதன் பொருள். எஸ்.சி.ஏ.2 மரபணுவில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு 22 முறை. 32-ஐத் தாண்டிப் போனால் நோய். எண்ணிக்கை கூடக்கூட நோய் இளவயதிலேயே தொடங்குகிறது. தலைமுறை மாறும்போது, குறிப்பாகத் தந்தை வழியாக வரும்போது, எண்ணிக்கை நீண்டுவிடுவதும் உண்டு. அப்பாவுக்கு நாற்பதில் வந்தது மகனுக்கு இருபத்தைந்தில் வருவது இதனால்தான்.

ஹன்டிங்டன் நோய், எஸ்.சி.ஏ.1, எஸ்.சி.ஏ.3 என்று இதே சி-ஏ-ஜி நீட்சியால் வரும் நோய்கள் பல. தொண்ணூறுகளில் இவற்றுக்கு ஒரே விளக்கம்தான் பாடப் புத்தகங்களில் இருந்தது. குளுட்டமின் வரிசை நீண்டால் புரதம் சரியாக மடியாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும், கட்டி செல்லைக் கொல்லும். குளுட்டமின் வரிசைகள் ஜிப்பின் பற்கள் போல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்று மாக்ஸ் பெரூட்ஸ் 1994-இல் சொன்னார். அழகான விளக்கம், பெரும்பகுதி சரியும் கூட. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் மூளையில் புரதக் கட்டிகள் இருப்பதால், எல்லா நரம்புச் சிதைவு நோய்களுக்கும் 'புரதம் கெட்டது, கட்டியானது' என்பதே பொதுவான பாட்டாகிவிட்டது. இதில் ஆர்.என்.ஏ.வுக்கு வேலை ஒரு தபால்காரர் வேலைதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடிதத்தில் இருக்கும் கெட்ட செய்திக்கு அவர் பொறுப்பல்ல.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது.

நோயற்ற ஒருவரின் எஸ்.சி.ஏ.2 மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தால், 22 சொற்களும் சி-ஏ-ஜி அல்ல. எட்டு சி-ஏ-ஜி, பிறகு ஒரு சி-ஏ-ஏ, பிறகு நான்கு சி-ஏ-ஜி, மறுபடி ஒரு சி-ஏ-ஏ, பிறகு எட்டு சி-ஏ-ஜி. பெரும்பாலோருக்கு இப்படித்தான். நோயாளிகளின் நீண்ட வரிசையிலோ பெரும்பாலும் இந்த சி-ஏ-ஏ இருக்காது. இடைவெளியே இல்லாமல் சி-ஏ-ஜி மட்டும் ஓடும். வேடிக்கை என்னவென்றால் சி-ஏ-ஏ என்றாலும் குளுட்டமின்தான்! ரைபோசோம் எதைப் படித்தாலும் அதே அமினோ அமிலத்தைத்தான் சேர்க்கும். புரதத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 'நிலா' என்ற இடத்தில் 'திங்கள்' என்று போட்டால் பொருள் மாறாது. ஆனால் அசை மாறும், சீர் மாறும், தளை தட்டும். பொருளை மட்டும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஓசையைக் கேட்பவருக்குத் தெரியும்.

செல்லுக்குள் இந்த ஓசை எது? ஒன்று டி.என்.ஏ.வைச் சார்ந்தது. ஒரே சொல் நெடுகத் திரும்ப வந்தால், நகலெடுக்கும்போது கை வழுக்கி ஒன்றிரண்டு கூடிவிடும். நடுவில் வேறு சொல் இருந்தால் அது ஆணி அடித்தாற்போல் பிடித்துக்கொள்ளும். ஹன்டிங்டன் நோயில் நோய் தொடங்கும் வயதைத் தீர்மானிப்பது குளுட்டமின்களின் எண்ணிக்கை அல்ல, இடையறாத சி-ஏ-ஜி ஓட்டத்தின் நீளமே என்று 2019-இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து உறுதி செய்தார்கள். அங்கே பெரும்பங்கு டி.என்.ஏ. வழுக்குவதுதான் என்று கருதப்படுகிறது. எல்லாப் பழியையும் ஆர்.என்.ஏ. தலையில் போட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆர்.என்.ஏ.வின் மடிப்பு. டி.என்.ஏ. இரட்டை இழை; ஒன்றையொன்று தழுவி நேராக நிற்கும். ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. துணை இல்லாததால் தன்மீதே வளைந்து தன்னையே பற்றிக்கொள்ளும். சி எழுத்துக்கு ஜி மீது பிடிப்பு அதிகம். எனவே சி-ஏ-ஜி வரிசை வளைந்து திரும்பி, சி-யும் ஜி-யும் கைகோத்து, நடுவில் ஏ-க்கள் ஒட்டாமல் நிற்க, ஒரு கொண்டை ஊசி போல ஆகிறது. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 வளைவுகளுக்கு நாம் வைத்திருக்கும் அதே பெயர்தான் விஞ்ஞானிகளும் இதற்கு வைத்திருக்கிறார்கள். போலந்து நாட்டு ஆய்வாளர்களான சோப்சாக்கும் கிஷிஷோசியாக்கும் 2005-இல் எஸ்.சி.ஏ.2 ஆர்.என்.ஏ.வின் மடிப்பை ஆராய்ந்தார்கள். சி-ஏ-ஏ உள்ள நல்ல ஆர்.என்.ஏ. சிறு சிறு கிளைகளாகப் பிரிந்து மடிந்தது. அது இல்லாத நோய் ஆர்.என்.ஏ. நெடிய ஒற்றைக் கொண்டை ஊசியாக நின்றது. எஸ்.சி.ஏ.1-இலும் இதையொத்த நிலையை அவர்களே முந்தைய ஆண்டு காட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே நடுவில் வரும் சொல் சி-ஏ-டி. அது ஹிஸ்டிடின் என்ற வேறு அமிலத்தைக் கொடுப்பதால் புரதமும் மாறுகிறது. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எஸ்.சி.ஏ.2-இல் அந்தக் குழப்பம் இல்லை. இந்தக் கட்டுரைக்கு இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுவே. சில குடும்பங்களில் நீண்ட வரிசை இருந்தும் நடுவில் சி-ஏ-ஏ இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தள்ளாட்டத்துக்குப் பதிலாகப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வருவதாகப் பதிவுகள் உண்டு. ஒரே புரதம், வேறு நோய்!

நெடிய கொண்டை ஊசி செல்லுக்கு என்ன கெடுதல் செய்கிறது? முதலில், அது ஒரு பொறி. மற்ற ஆர்.என்.ஏ.க்களைச் சீர்செய்ய வேண்டிய சில புரதங்கள் இதில் சிக்கிக்கொண்டு வேலைக்குப் போகாமல் நிற்கின்றன. அடுத்தது இன்னும் விசித்திரம். ரைபோசோம் படிக்கத் தொடங்க ஏ-யு-ஜி என்ற தொடக்கச் சொல் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். லாரா ரானம் என்பவரின் குழு 2011-இல், இந்தக் கொண்டை ஊசி இருந்தால் தொடக்கச் சொல்லே இல்லாமல் ரைபோசோம் ஏறிவிடுகிறது என்று காட்டியது. அதுவும் எந்த எழுத்திலிருந்து வேண்டுமானாலும். சி-ஏ-ஜி என்று படித்தால் குளுட்டமின். ஒரு எழுத்து தள்ளி ஏ-ஜி-சி என்றால் செரின். இன்னும் ஒன்று தள்ளி ஜி-சி-ஏ என்றால் அலனின். யாரும் கேட்காத புரதங்கள் உருவாகி, அவையும் கட்டியாகின்றன.

மூன்றாவதை 2017-இல் கண்டவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த அங்குர் ஜெயின். கலிபோர்னியாவில் ரொனால்ட் வேல் ஆய்வகத்தில் இருந்தபோது, திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.வைப் புரதமே இல்லாமல் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தார். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஜெல் போல உறைந்தன. நோய் தொடங்கும் எண்ணிக்கைக்குக் கீழே உறையவில்லை. அதை ஒட்டிய எண்ணிக்கையில் உறையத் தொடங்கின. பாலில் உறைமோர் விட்டது போல. புரதம் கட்டியாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஆர்.என்.ஏ. தானே கட்டியாகும் என்பது பலருக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு ஆர்.என்.ஏ.தான் வில்லன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதற்கு இன்னொரு முகமும் உண்டு.

சூடான ரசத்தில் நெய் விட்டால் சிறு துளிகளாக மிதக்கும். துளிகள் சேரும், பிரியும், கரண்டி போட்டால் சிதறும். செல்லுக்குள்ளும் புரதமும் ஆர்.என்.ஏ.வும் கூடி இப்படித் துளிகளாகத் திரண்டு, வேலை முடிந்ததும் கலைகின்றன. எஸ்.சி.ஏ.2-இன் புரதமான அட்டாக்ஸின்-2 இந்தத் துளிகளைக் கட்டும் கொத்தனார்களில் ஒருவர். பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு மையத்தில் பாஸ்கர் பக்தவச்சலுவும், டப்ளினில் பணியாற்றும் மணி ராமசாமியும் மற்றவர்களும் பழ ஈக்களில் செய்த ஆய்வு 2018-இல் 'நியூரான்' இதழில் வந்தது. அட்டாக்ஸின்-2-இல் நிலையான வடிவமில்லாமல் தொளதொளவென்று இருக்கும் ஒரு பகுதிதான் துளிகளைத் திரட்டுகிறது. அது ஈயின் நீண்டகால நினைவுக்கு வேண்டும். அதே பகுதியை நீக்கினால் நரம்புச் சிதைவும் குறைகிறது! நினைவுக்கு உதவும் கருவியே அழிவுக்கும் உதவுகிறது.

ரசம் ராத்திரி முழுக்க ஆறிவிட்டால் நெய் உறைந்து ஏடாகிவிடும் அல்லவா? ஏ.எல்.எஸ். என்ற தசைச் சிதைவு நோயில் எஃப்.யு.எஸ்., டி.டி.பி.-43 ஆகிய புரதங்களுக்கு நடப்பது இதுதான். இப்போது பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யில் ஆய்வு செய்யும் ஷோவமயி மஹாரணா, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்தபோது 2018-இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் கொடுத்தார். செல்லின் அணுக்கருவில் ஆர்.என்.ஏ. ஏராளம், அங்கே இந்தப் புரதங்கள் கரைந்தே இருக்கின்றன. வெளியே ஆர்.என்.ஏ. குறைவு, அங்கே வந்தால் துளியாகி, பிறகு கெட்டியாகின்றன. அணுக்கருவில் ஆர்.என்.ஏ.வைக் குறைத்தால் அங்கேயும் உறைகின்றன. அரிசி மாவில் நீர் கூடினால் கரைசல், குறைந்தால் கட்டி என்பது போல. ஆக ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது, எப்படி மடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவே கட்டியைக் கரைக்கவும் செய்யும், கட்டவும் செய்யும்.

பார்க்கின்சன் நோயின் ஆல்பா சினுக்ளின் புரதமும் கட்டியாகுமுன் திரவத் துளியாகிறது என்று 2020-இல் காட்டியவர்கள் ஐ.ஐ.டி. மும்பையில் சமீர் மாஜி குழுவினர். அந்தத் துளிக்கு அடித்தளம் போடுவது எது? ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தினர் 2024-இல் 'செல்' இதழில் சொன்ன பதில்: ஜி எழுத்து மிகுந்த ஆர்.என்.ஏ. நான்கு நான்காக அடுக்கிக்கொள்ளும் ஒருவகை மடிப்பு. செல்லில் கால்சியம் கூடும்போது இந்த மடிப்புகள் திரள்கின்றன. சினுக்ளின் வந்து அதில் ஒட்டிக் கெட்டியாகிறது. அந்த மடிப்பைத் தடுக்கும் மருந்தைச் சுண்டெலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது இயக்கக் குறைபாடு குறைந்தது. சுண்டெலிகளுக்கு. இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். அல்சைமர், பார்க்கின்சன் மருந்துகள் எலியில் ஜெயித்து மனிதரில் தோற்ற கதைகள் ஏராளம்.

புனேக்காரர்களான நாம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் விஷயம் உண்டு. வாகட், ஹிஞ்சவடிப் பக்கத்திலிருந்து பாஷாணுக்குப் போகிறவர்கள் ஐசர் வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளின் நுழைவுத் தேர்வு நேரத்தில் மட்டும் அந்தப் பெயர் நம் வீடுகளில் அடிபடும்! அங்கே கிரீஷ் ரத்னபார்கியின் ஆய்வகமும், அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் அனுராதா ரத்னபார்கியும் ஏ.எல்.எஸ். நோயின் எட்டாம் வகையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த நோயில் வி.ஏ.பி. என்ற புரதம் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் கட்டியாகிறது. செல்லின் கழிவு அகற்றும் பணியைத் தூண்டினால் அந்தக் கட்டிகள் குறைகின்றன என்று 2019-இல் வெளியிட்டார்கள். 2017 முதல் 2022 வரை ஐசர் புனேயின் இயக்குநராக இருந்த ஜெயந்த் உத்காவ்ங்கர், பிரியான், டாவ் புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படித் தவறுகின்றன என்பதையே ஆராய்ந்தவர். கல்லூரிப் பிள்ளைகள் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வாகடிலிருந்து ஒரு அரை மணி நேரம், போக்குவரத்து நெரிசல் அனுமதித்தால்.

மருந்து உண்டா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆர்.என்.ஏ.வையே குறிவைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அதை அழிக்கவோ திருத்தவோ செய்யும் சிறு இழைகள் இவை. தண்டுவட நீரில் ஊசியாகப் போடப்படுகின்றன. குழந்தைகளின் தசை நலிவு நோயான எஸ்.எம்.ஏ.வுக்கு நுசினெர்சென் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏ.எல்.எஸ். நோயின் எஸ்.ஓ.டி.1 வகைக்கு டொஃபெர்சென் 2023-இல் வந்தது. அட்டாக்ஸின்-2 ஆர்.என்.ஏ.வைக் குறைக்கும் இழை எலிகளில் நல்ல பலன் தந்ததாக 2017-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் 'நேச்சர்' இதழில் வந்தன. நம்பிக்கை பெருகியது. ஆனால் அதே வழியில் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் நடந்த மருந்துச் சோதனையில் பலன் தெரியாததால் 2024-இல் நிறுத்திவிட்டார்கள். எஸ்.சி.ஏ.2 நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இன்று எங்கும் இல்லை. 'மூலிகையால் குணம்', 'ஸ்டெம் செல் ஊசி' என்று லட்சங்களில் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சமநிலைக்கும் கைகால் ஒருங்கிணைப்புக்கும் தொடர்ந்து செய்யும் பிசியோதெரபி மட்டும் ஓரளவு உதவுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. செலவும் குறைவு.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. ஊரில் பெரியப்பாவுக்கு வந்த நோயின் பெயர் புனேயில் இருக்கும் தம்பி மகனுக்குத் தெரியாது. "அவருக்கு வாதம்" என்று ஒரு சொல்லோடு முடித்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு நடை தள்ளாடியது, எந்த வயதில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், நரம்பியல் மருத்துவருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். நோயுள்ள ஒருவரின் பிள்ளைகளில் ஆணானாலும் பெண்ணானாலும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு சரிபாதி. ஒருவருக்கு வந்துவிட்டதால் அடுத்தவர் தப்பினார் என்ற கணக்கு இதில் கிடையாது. வராதவரின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது.

ரத்தப் பரிசோதனையில் சி-ஏ-ஜி எண்ணிக்கை தெரிந்துவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மையங்களில் இதற்கு வசதி உண்டு. ஆனால் நோய்க்குறி இல்லாதவர் சோதனை செய்துகொள்வதற்கு முன்பு மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தால் வேலை, திருமணம், குழந்தை எல்லாவற்றையும் அந்த எண் தொடும். சோதிக்காமல் இருப்பதும் அவரவர் உரிமை. நோய்க்குறி இல்லாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை செய்வதில்லை. பெற்றோர் கேட்டாலும் ஆலோசகர்கள் மறுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, தானே வந்து கேட்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.